ஜெராக்ஸ் கடை அண்ணாவுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள கோத்தகிரி மக்களுக்கு,

எங்கள் லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மண் சரிந்து, இரண்டு பிள்ளைகளின் அப்பா இறந்த அந்த மழை இரவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார். பெரியவள் மறுபடி பிளஸ் டூ வகுப்புக்குப் போகிறாள், தம்பியும் பள்ளிக்குப் போகிறான். இந்தச் செய்தி வந்த கையோடு இதை எழுதுகிறோம்.

மண்ணை வாரிய தம்பிமார், விடிய விடிய ஜீப் ஓட்டியவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், கம்பளியும் தார்ப்பாயும் அனுப்பியவர்கள், லைன் வீடு லைன் வீடாக அரிசி சேர்த்துக் கஞ்சி காய்ச்சிய அக்காமார், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், ஓடிவந்து நின்ற வி.ஏ.ஓ. என எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. உங்களை ஊரே பார்த்தது. யாரும் பார்க்காத ஓர் உதவியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணா செய்த உதவி அது.

துக்க வீட்டில் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையைத் தடவி, "இனி நீதான் கண்ணு எல்லாம் பாத்துக்கணும்" என்று சொல்வது நம் பழக்கம். பாசத்தில்தான் சொல்கிறோம். எதையெதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. குழந்தையாக இருந்த பிள்ளை அந்த ஒரு வாக்கியத்தில் பெரிய மனுஷியாகிவிடுகிறாள். எவ்வளவு பாரம் என்று தெரியாததால் அத்தனையும் தன்னுடையது என்று நினைத்துப் படிப்பை விடுகிறாள். தோட்டப் பகுதியில் இப்படி நின்றுபோன படிப்புகள் ஏராளம்.

பிளாஸ்டிக் பை நிறையக் காகிதத்தோடு நம் பெரியவள் கடையில் வந்து நின்றபோது, அவள்கூட வந்த சித்தப்பாவை அண்ணா உட்காரச் சொல்லிவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். "எழுதுறது நீ பாப்பா. கையெழுத்து அம்மா போடுவாங்க." பதினெட்டு நிறையும்வரை இதுதான் சரியான பங்கீடு. மூன்று ஃபைல் எடுத்துக் காகிதங்களைப் பிரித்தார்.

முதல் ஃபைலில் நாள் கடத்தக் கூடாதவை. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம், ஒரு மாதம் தாண்டினால் மேலதிகாரி அனுமதி என்று இழுக்கும். சான்றிதழை இணையத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், கையிலிருக்கும் ஒரே பிரதியை யாரிடமும் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதில்லை. அப்பாவின் ஏ.டி.எம். கார்டு, பின் நம்பர் தெரிந்தாலும், அப்படியே இருக்கட்டும் என்றார். இறந்தபின் எடுத்த பணம் பிறகு வாரிசுகளுக்குள் வழக்காகும். அடுத்து பாஸ்புக்கைப் பின்னாலிருந்து புரட்டினார். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் என்றால் விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றிலும் 2 லட்சம் உண்டு, இயற்கைப் பேரிடர் மரணமும் விபத்துக் காப்பீட்டில் அடங்கும். இரண்டு வரிகளும் அப்பாவின் பாஸ்புக்கில் இருந்தன. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எஃப்.ஐ.ஆர். நகலையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் அந்த ஃபைலிலேயே சேர்த்தார்.

இரண்டாவது ஃபைலில் நிதானமாகச் செய்ய வேண்டியவை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் மனுப் போட்டால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போகும். அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவர் பெயரையும் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, பென்ஷனுக்கு 10டி, பி.எஃப்.போடு சேர்ந்த இன்சூரன்சுக்கு 5ஐஎஃப். கடைசியைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் அதிகம். பிள்ளைகள் இருவருக்கும் 25 வயதுவரை பென்ஷன் உண்டு. வேலையில் இருக்கும்போது இறந்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கொடுக்க ஐந்து வருஷ சர்வீஸ் என்ற நிபந்தனை கிடையாது. அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் வருமானம் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் உதவி இருக்கிறது, மனு தலைமையாசிரியர் வழியாகப் போக வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எஃப். பதிவில் வேறு இனிஷியல் என்றால் எல்லாமே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு காகிதத்திலும் பெயர் எப்படி இருக்கிறது என்று அவளையே வாசிக்கச் சொன்னார். மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள்.

மூன்றாவது ஃபைலின் மேல் "பாப்பா வேலை இல்லை" என்று எழுதினார். இதற்காகத்தான் இந்த மடலே. அப்பா கைமாற்று வாங்கினார் என்று வந்து நிற்பவர்கள், சீட்டுப் பாக்கி, "இதுல ஒரு கையெழுத்துப் போடு கண்ணு" என்று நீட்டும் புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு) எல்லாம் அதற்குள் போயின. பதினெட்டு நிறையாதவர் போட்ட கையெழுத்து கடனுக்குச் செல்லாது. அப்பாவின் கடனை அப்பா விட்டுப்போன சொத்தில்தான் கேட்க முடியும், பிள்ளையின் வருங்காலச் சம்பளத்தில் அல்ல. யார் வந்தாலும் பெயர், தொகை, தேதி மட்டும் எழுதி வாங்கி இந்த ஃபைலில் போடு, பதில் சொல்வது பெரியவர்கள் பாடு என்றார். அப்போதுதான் அவள் முதல்முறையாக அழுதாள் என்று சித்தப்பா சொன்னார். அண்ணா ஜெராக்சுக்குக் காசு வாங்கவில்லை, ஆனால் அது சின்ன விஷயம்.

பிள்ளைக்குப் பொறுப்பே தரக்கூடாது என்று சொல்லவில்லை. துக்கத்தில் கைக்கு ஒரு வேலை இருப்பது நல்லது. அந்த வேலைக்கு எல்லை இருக்க வேண்டும், முடித்ததும் முடிந்தது என்று தெரிய வேண்டும். அவளுக்கு இப்போது தாலுகா அலுவலகத்தில் எந்த ஜன்னலில் எதைக் கேட்பது என்று தெரியும். வகுப்பில் அவள் இன்னும் மாணவிதான்.

இனி இந்தப் பக்கம் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பதினாறாம் நாளுக்கு முன்பே எங்களில் ஒருவர் மூன்று ஃபைலோடு போவோம். அண்ணாவின் முன்னால் இதைச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். மார்ச்சில் அவளுக்குப் பொதுத்தேர்வு. கடன், வீடு, தோட்டத்து வேலை எதுவானாலும் அதுவரை சித்தப்பாவிடம் பேசுங்கள். அவர் ஞாயிறு மதியம் வீட்டில்தான் இருப்பார்.

நன்றியுடன்,
லைன் வீட்டு அக்கம்பக்கத்தார்