பை வாங்கும் முன்: தொட்டி அளவு பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செடி வளர்க்க “ஒன்பது இஞ்சு பை ஒரு டஜன் கொடுங்க” என்று எங்கள் விதை, நாற்றுக் கடைக்குக் கேட்டு வருகிறவர்களிடம், நாங்கள் உடனே எடுத்துக் கொடுக்காமல் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். என்ன செடி வைக்கப் போகிறீர்கள்? எந்தத் தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள்? பை வாங்க வந்தால் எதற்கு இந்த விசாரணை என்று சிலருக்குச் சங்கடமாக இருந்திருக்கிறது. அதனால்தான் காரணத்தை விரிவாக எழுதுகிறோம்.

முதலில் அளவுக் கணக்கு. வாய் 12 அங்குலம், உயரம் 12 அங்குலம் உள்ள பையில் விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 22 லிட்டர் மண் பிடிக்கும். 9க்கு 9 பையில் 9 லிட்டர்தான். மூன்று அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஒன்பது அங்குலப் பை இரண்டின் மண்ணையும் பன்னிரண்டு அங்குலப் பை ஒன்றில் கொட்டினாலும் இடம் மிச்சம் இருக்கும். 6க்கு 6 பையில் மூன்று லிட்டர்கூடத் தேறாது. தண்ணீர் நிற்க மேலே இரண்டு அங்குலம் விட வேண்டும் என்பதால் உள்ளே போகும் மண் இன்னும் குறையும். ஆகவே அங்குலத்தைப் பார்க்காமல் லிட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

மாடித்தோட்டக் குறிப்புகள் பலவற்றில் மிளகாய்க்கு ஒன்பது அங்குலம் போதும் என்று இருக்கும். நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊரில் அது சரி. நம் இராமநாதபுரம் கடற்கரை ஓரத்தில் தேவிபட்டினம், ஏர்வாடி, மண்டபம் என்று எந்தப் பக்கம் போனாலும் பல வீட்டு போர்த் தண்ணீர் உவர்ப்பு. குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் வாங்குகிறோம், செடிக்கு அதை ஊற்ற மனசு வராது. போர்த் தண்ணீரைத்தான் ஊற்றுவோம். ஈரத்தைச் செடி குடித்துவிடும், வெயில் உறிஞ்சிவிடும். உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கிவிடும். சின்னப் பையில் மண் குறைவு, சீக்கிரம் காயும், அடிக்கடி ஊற்றுவோம், ஒவ்வொரு முறையும் உப்பு சேரும். இலை ஓரம் கருகும், பூ உதிரும், மண்ணின் மேலும் மண் தொட்டியின் வெளிப்புறத்திலும் உப்பு வெள்ளையாகப் படியும். மண் அதிகம் இருந்தால் அந்த உப்பு பரவி நிற்கும், வேருக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். அதனால் நம் ஊருக்குக் குறிப்பில் போட்டிருப்பதைவிட ஒரு அளவு பெரியதாக எடுங்கள். பத்துப் பைக்குப் பதில் ஆறு வையுங்கள். எங்களுக்கு விற்பனை குறைந்தாலும் சரி, உங்கள் வீட்டில் காய் வர வேண்டும்.

செடிவாரியாகச் சொல்லிவிடுகிறோம். நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் பெருமை. வயலில் அது மானாவாரியாக, ஐப்பசி மழையை நம்பி, ஆழமாக வேர் விட்டு வளரும் செடி. பையில் அந்த ஆழத்தைக் கொடுக்க முடியாது. குறைந்தது 12 அங்குலமாவது கொடுங்கள். தக்காளிக்கும் அதே அளவு, 15 கிடைத்தால் இன்னும் நல்லது. கத்தரி ஒரு வருடத்துக்கு மேல் காய்க்க வேண்டும் என்றால் 15. வெண்டையை நாற்று விட்டுப் பிடுங்காமல் 12 அங்குலப் பையிலேயே நேரடியாக விதையுங்கள். கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் 18க்குக் குறையக் கூடாது. தங்கச்சிமடத்து மல்லிகைப் பதியன் வாங்கி வருகிறவர்களுக்கு 15 அங்குலம் போதும், வருடா வருடம் கவாத்து செய்தால் அதிலேயே பூக்கும். கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம்தான் வேண்டும்: எட்டு ஒன்பது அங்குல உயரம் போதும். மீன் வரும் தெர்மாகோல் பெட்டி கீரைக்குக் கச்சிதம். ஆனால் உள்ளே இருக்கிற உப்பும் கவிச்சியும் போக இரண்டு மூன்று தடவை நன்றாகக் கழுவி, ஆணியால் அடியில் துளை போட்டு, வெயிலில் பொடிந்துபோகாமல் இருக்க நிழலோரம் வையுங்கள். எண்ணெய் டின்னை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உப்புக் காற்றில் வேகமாகத் துருப்பிடித்து அடி விட்டுப்போகும்.

பெரிய பை நல்லது என்று சொன்னதால் சின்ன நாற்றை நேராக அதில் நட்டுவிடாதீர்கள். இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது லிட்டர் மண்ணில் விரல் நீள நாற்று நின்றால் அதால் குடிக்க முடியாத ஈரம் சுற்றிலும் தேங்கும், வேர் அழுகும். குழித்தட்டிலிருந்து முதலில் நாலு அங்குலக் கவருக்கு மாற்றுங்கள். வேர் மண்ணைச் சுற்றிப் பிடித்து, கவிழ்த்தால் கட்டி உடையாமல் வரும்போது பெரிய பைக்குக் கொண்டுபோங்கள்.

கீழக்கரை போன்ற இடங்களில் வீடுகள் நெருக்கம், வெயில் விழும் இடமே முற்றத்தில் நாலு அடிதான் இருக்கும். அங்கே பையின் எண்ணிக்கையை வெயில்தான் முடிவு செய்ய வேண்டும். காய்கறிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். அது விழுகிற சதுரத்தில் இரண்டு 15 அங்குலப் பை வையுங்கள், நிழல் பக்கம் புதினாவை விடுங்கள். மொட்டை மாடிக்காரர்கள் எடையையும் பார்க்க வேண்டும். 12 அங்குலப் பையில் வெறும் செம்மண் போட்டு நனைத்தால் 35 கிலோ வரும். தென்னைநார்க் கழிவு கலந்தால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பெருகும், மூன்று பைக்குத் தாராளமாக வரும். அதிலும் உப்பு இருக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அப்புறம் மேற்கிலிருந்து வேகமாக வீசும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உயரமான ஒல்லிப் பை சாய்ந்துவிடும். அந்த மாதங்களில் அகலமான பைதான் நிற்கும், கைப்பிடிச் சுவரோரம் நெருக்கி வையுங்கள்.

எந்தப் பையானாலும் அடியில் துளை அவசியம். ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் அடியில் வழிந்தோடும் வரை ஊற்றுங்கள், உப்பு அப்போதுதான் வெளியேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பைகளை மூடி வைக்காதீர்கள். வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பைக் கழுவ அந்த மழையைவிட நல்ல மருந்து இல்லை.

அடுத்த முறை கடைக்கு வரும்போது உங்கள் போர்த் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கடையிலேயே இருக்கிறது, காசு கிடையாது. மீட்டர் காட்டும் எண் ஆயிரத்தைத் தாண்டினால் மிளகாய் சுணங்க ஆரம்பிக்கும், பீன்ஸ் அதற்கு முன்பே வாடும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எந்தச் செடி, எத்தனை லிட்டர் பை என்று உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். ஏற்கெனவே வாங்கிய ஒன்பது அங்குலப் பைகள் பிரிக்காமல் இருந்தால் கொண்டுவந்து பெரியதாக மாற்றிக்கொள்ளுங்கள், வித்தியாசத் தொகை மட்டும் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் விதை, நாற்றுக் கடையார்
இராமநாதபுரம்