லோ வோல்டேஜும் கரண்ட் பில்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்துவிட்டால் 'லோ வோல்டேஜால்தான் கரண்ட் பில் எகிறுகிறது' என்ற புகார் தவறாமல் வந்துவிடும். கூடவே 'வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்' என்ற குறிப்பும் வரும். புகாரில் பாதி உண்மை. சூத்திரமும் சரிதான், ஆனால் எந்த வோல்ட்டால் வகுப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கீசரை எடுத்துக்கொள்வோம். 2000 வாட், 230 வோல்ட் என்று அதன் மேல் ஒட்டியிருக்கும். வகுக்க வேண்டியது அந்த 230ஆல்தான்; கரண்ட் 8.7 ஆம்பியர். 230ஐ 8.7ஆல் வகுத்தால் காயிலின் மின்தடை சுமார் 26.5 ஓம். மாறாமல் இருப்பது இந்த ஓம்தான். காயிலில் உள்ள நைக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பி சூடேறினாலும் அதன் தடை சில சதவீதத்துக்கு மேல் கூடாது. மாறுவது வாட். சப்ளை 180 வோல்ட்டுக்கு இறங்கினால் கரண்டும் 6.8 ஆம்பியருக்கு இறங்கும். இரண்டையும் பெருக்கினால் 1225 வாட்கூட வராது. வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு பவரில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 0.56 யூனிட் வேண்டும். முழு வோல்டேஜில் 17 நிமிடம் ஆகும் வேலை, 180ல் 27 நிமிடம் இழுக்கும். பில்லில் ஏறும் யூனிட் என்னவோ அதே 0.56தான். கீசருக்கென்று ஸ்டெபிலைசர் வாங்குவது தண்டச் செலவு.

மோட்டாரின் கணக்கு வேறு. 1 எச்.பி. பம்பின் வைண்டிங்கில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில்), வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 3 ஓம் காட்டலாம். 230ஐ 3ஆல் வகுத்து 77 ஆம்பியர் என்று மிரள வேண்டாம். ஓடும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்வதால் ஆறேழு ஆம்பியரோடு நின்றுவிடும். வோல்டேஜ் இறங்கினால் அதே தண்ணீரைத் தூக்க அது கூடுதலாகக் கரண்டை இழுக்கும். 7 ஆம்பியர் 9 ஆனால் வைண்டிங்கின் சூடு 49க்கு 81 என்ற கணக்கில் ஏறும். கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால்தானே சூடு. காயில் கருகுவது இப்படித்தான். மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதை அப்படியே வாட் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பவர் ஃபேக்டர் 0.8 என்றால் அதில் 80 சதவீதம்தான் வாட்.

பில்லை உண்மையிலேயே ஏற்றும் லோ வோல்டேஜ் ஒன்று உண்டு. அது தெருவிலிருந்து வருவதில்லை, நம் வீட்டு வயரிங்கிலேயே இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும், வயரைச் சுற்றிப் பிடித்தே கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் போதும். கீசர் லைனிலேயே உள்ள ஒரு பிளக் பாயின்டில் லோடு இல்லாமல் வோல்டேஜைப் பாருங்கள். 228 என்று வைத்துக்கொள்வோம். கீசரைப் போட்டதும் 214க்கு விழுகிறது, கிளாம்ப் மீட்டர் 8 ஆம்பியர் காட்டுகிறது. விழுந்த 14 வோல்ட்டை 8ஆல் வகுத்தால் 1.75 ஓம். வழியில் வீணாவது 14 பெருக்கல் 8, அதாவது 112 வாட். தெரு வோல்டேஜே ஏறி இறங்கும் என்பதால் இரண்டு மூன்று முறை போட்டு அணைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து, அதே சோதனையை மெயின் ஸ்விட்சில் செய்ய வேண்டும். கரண்ட் உள்ள டெர்மினல் என்பதால் இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அங்கே 3 வோல்ட்தான் விழுகிறது என்றால் மீதி 11 வோல்ட் வீட்டுக்குள். 88 வாட், கரண்ட் மீட்டருக்கு இந்தப் பக்கம், காசு நம்முடையது.

வயரே இவ்வளவு சாப்பிடுமா? ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 0.012 ஓம். 20 மீட்டர் தூரம் என்றால் கரண்ட் போகும் ஃபேஸ், திரும்பும் நியூட்ரல் சேர்த்து 40 மீட்டர், 0.48 ஓம். ஆனால் 11ஐ 8ஆல் வகுத்தால் வருவது 1.38 ஓம். மிச்சமுள்ள 0.9 ஓம் ஏதோ ஒரு லூஸ் ஜாயின்டில் இருக்கிறது. 64 பெருக்கல் 0.9, கிட்டத்தட்ட 58 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட சூடு விரல்நுனி அளவு இடத்தில், பிளாஸ்டிக் பெட்டிக்குள். கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்சான எம்.சி.பி. இதற்கு டிரிப் ஆகாது, ஏனென்றால் கரண்ட் 8 ஆம்பியரைத் தாண்டவே இல்லை.

அளக்கும்போது சறுக்கும் இடங்கள்: கிளாம்ப் மீட்டருக்குள் இரண்டு வயரையும் சேர்த்து விட்டால் பூஜ்யம்தான் காட்டும், ஃபேஸ் ஒன்றை மட்டும் விட வேண்டும். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு வோல்டேஜ் பார்த்தால் அது நேரடி ஷார்ட். ஓம் பார்க்கும்போது பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். முதலில் இரு முனைகளையும் தொடவைத்து, காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ள வேண்டும். குண்டு பல்பை ஓம் அளந்து வாட் கணக்கிட முயல வேண்டாம். 60 வாட் பல்பின் தடை எரியும்போது 882 ஓம்; குளிர்ந்திருக்கையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

ஜாயின்டைத் தேடும்போது முதலில் திறக்க வேண்டியது 16 ஆம்பியர் சாக்கெட். நிறம் மாறிய பிளக் பின்கள், இளகிய ஸ்க்ரூ, கருத்த இன்சுலேஷன் எல்லாம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். அடுத்து, முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் உள்ள ஜங்ஷன் பாக்ஸ். நியூட்ரல் வயர்கள் ஒன்றுசேரும் நியூட்ரல் லிங்க்கின் ஸ்க்ரூவையும் மறக்கக் கூடாது. கருகிய முனையை வெட்டிவிட்டுப் புதுச் செம்பை டெர்மினலில் இறுக்கிய பிறகு, அதே லோடில் வீட்டுக்குள் விழுவது 4, 5 வோல்ட்டுக்குள் வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு ஜாயின்டும் இளகியிருக்கிறது.

இப்படிக்கு,
மின்பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.