முகச்சாயலை விட்டுவிட்டுப் பக்கத்தைப் பாருங்கள்: காமிக்ஸ் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சித் தொடர்களின் காமிக்ஸ் வடிவங்களுக்கு மதிப்புரை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் காமிக்ஸைப் பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் விடாமல் வாசிப்பவன் நான். இந்தப் புத்தகங்களைப் பொறுமையாகப் படித்துத் தமிழில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று என்னைப் போன்றவர்கள் உங்கள் சொல்லை நம்பித்தான் முடிவெடுக்கிறோம். அந்த உரிமையில்தான் இந்த மனக்குறையைச் சொல்கிறேன்.

பெரும்பாலான மதிப்புரைகள் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. கப்பல் தலைவர் கிர்க்கும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் தொடரில் நடித்தவர்களைப் போலவே இருக்கிறார்களா? கதை தொடரை ஒட்டிப் போகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நல்ல புத்தகம், இல்லையென்றால் மோசம். ஓவியர் பெயர்கூட வராத மதிப்புரைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு காமிக்ஸ் தன் தாளில் எதைச் சாதித்தது என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்வியைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

கோல்ட் கீ நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் ட்ரெக் இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 முதல் 1979 வரை 61 இதழ்கள். இவற்றைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே பட்டியல்தான்: எண்டர்பிரைஸ் விண்கப்பலின் பின்புறத்தில் ராக்கெட் போல நெருப்பு கக்குகிறது, சீருடை நிறம் தப்பு, முதல் இதழில் ஒரு கோளின் தாவரங்கள் அத்தனையையும் கப்பலிலிருந்து லேசர் கொண்டு அழித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அத்தனையும் உண்மை. கடைசியாகச் சொன்னது கதையின் பெரிய குறை. பிற உலகங்களின் போக்கில் தலையிடக் கூடாது என்று பேசிய தொடர் அது. ஆனால் அந்தப் பட்டியலோடு மதிப்புரை முடியலாமா? அந்த இதழ்களை வரைந்தவர்கள் இத்தாலியர்கள். முதலில் நெவியோ ஸெக்காரா, அடுத்து நெடுங்காலம் ஆல்பெர்ட்டோ ஜியோலிட்டி. தொடரைப் பார்க்காமல், அமெரிக்காவிலிருந்து வந்த விளம்பரப் புகைப்படங்களை வைத்துக்கொண்டு ரோமில் உட்கார்ந்து வரைந்தார்கள். டூராக் என்ற காமிக்ஸுக்காக டைனோசர்களையும் பள்ளத்தாக்குகளையும் வரைந்து பழகிய கை ஜியோலிட்டியுடையது. தொலைக்காட்சியில் ஸ்டூடியோவுக்குள் போலிப் பாறைகளை அடுக்கி, பின்திரையில் வண்ண வெளிச்சம் பாய்ச்சி ஒரு கோளைக் காட்டியபோது, இவர் பாழடைந்த நகரங்களையும் செங்குத்தான மலைகளையும் ராட்சத உயிரினங்களையும் பக்கம் முழுக்கப் பரப்பினார். அந்தப் பக்கங்களில் மனிதர்கள் சிறியவர்களாகத் தெரிவார்கள். அறியாத உலகில் கால் வைத்த அச்சம் அதில் இருக்கிறது. எனக்கு அந்த அச்சம் சீருடையின் நிறத்தைவிடப் பெரியது.

அடுத்து, நீங்கள் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்பும் புத்தகம், 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. அதே பெயரில் 1967 ஏப்ரல் 6 அன்று தொடரில் ஒளிபரப்பான அத்தியாயம் எல்லோருக்கும் தெரியும்: மருந்து தவறுதலாக உடம்பில் ஏறி வெறி பிடித்த கப்பல் மருத்துவர் மெக்காய், கடந்த காலத்துக்குப் போகும் காலவாயிலுக்குள் குதிக்கிறார், கிர்க்கும் ஸ்பாக்கும் 1930-களின் நியூயார்க்குக்குப் போகிறார்கள், வரலாறு பழையபடி ஓட, கிர்க் காதலிக்கும் எடித் கீலர் சாக வேண்டும், காப்பாற்றப் பாயும் மெக்காயை கிர்க்கே பிடித்து நிறுத்துகிறார். எழுத்தாளர் ஹார்லன் எலிசன் முதலில் எழுதிக் கொடுத்த திரைக்கதை இது இல்லை. பல கைகள் அதைத் திருத்தின. செலவும் ஒரு காரணம். அந்த மூலத் திரைக்கதையை 2014-இல் ஐடிடபிள்யூ நிறுவனம் ஐந்து இதழ்களாகக் கொண்டுவந்தது. ஸ்காட் டிப்டனும் டேவிட் டிப்டனும் காமிக்ஸாக்க, ஜே. கே. உட்வர்ட் வண்ணம் தீட்டி வரைந்தார்.

இதற்கு வந்த மதிப்புரைகளில் நான் படித்தவை, முகங்கள் அச்சு அசல் என்று புகழ்ந்துவிட்டு, தொடரில் இருந்தது இதில் இல்லை என்ற கணக்கில் இறங்கிவிட்டன. இங்கே எது மூலம், எது தழுவல்? எலிசனின் திரைக்கதைக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. ஒளிபரப்பான அத்தியாயத்துக்கு 1968-இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. இரண்டும் தன்னளவில் நிற்கும் படைப்புகள். ஆகவே 'மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறதா' என்ற அளவுகோல் இந்தப் புத்தகத்தின் முன் செல்லுபடியாகாது. நல்ல விமர்சகர் இங்கே பக்கத்துக்குள் போயே ஆக வேண்டும்.

போய்ப் பாருங்கள். தொலைக்காட்சியில் பேசும் கல்வளையமாக நின்ற காலவாயிலின் காவல், இங்கே வானளாவிய பழம்பெரும் உருவங்கள். மலையுச்சியில் நிஜமாகவே ஒரு நகரம் இருக்கிறது. வரலாறு மாறியதும் எண்டர்பிரைஸின் இடத்தில் கொள்ளையர்கள் நிறைந்த வேறொரு கப்பல் வருகிறது. படப்பிடிப்பில் இதற்கெல்லாம் பணம் வேண்டும். தாளில் ஓவியரின் உழைப்பு போதும். குற்றவாளியாக மெக்காய் இல்லை. கப்பலுக்குள்ளேயே போதைப்பொருள் விற்று, அதை மறைக்கச் சக வீரனைக் கொல்லும் பெக்வித் என்ற அதிகாரி. முதல் உலகப் போரின் வெர்டன் சண்டையில் கால்களை இழந்து நியூயார்க் தெருவில் கிடக்கும் ட்ரூப்பர் என்ற மனிதரும் வருகிறார். உதவி செய்துவிட்டுச் சாகிறார், வரலாறு அவரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எடித்தின் சாவு எதிர்காலத்தையே தீர்மானிக்கிறது, இவருடைய சாவு எதையும் மாற்றவில்லை. தொடரில் இடம் கிடைக்காமல் போன இந்த மனிதருக்காகவே புத்தகத்தை வாங்கலாம் என்பேன்.

முடிவும் வேறு. எலிசனின் கிர்க்கால் அந்த நொடியில் அசைய முடியவில்லை. எடித்தைக் காப்பாற்ற ஓடுகிறவன் கொலைகாரனான பெக்வித். அவனைத் தடுப்பவர் ஸ்பாக். தொடரின் கிர்க் கடமையைச் செய்து நொறுங்குகிறார். இவர் கடமை தவறி நொறுங்குகிறார். எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இந்த வேறுபாட்டை உட்வர்ட் எப்படி வரைந்திருக்கிறார், கட்டத்துக்குக் கட்டம் நேரத்தை எப்படி நீட்டியிருக்கிறார் என்று நீங்கள் எழுதியிருக்க வேண்டும். குறையும் உண்டு: முகச்சாயல் மிகச் சரியாக வர வேண்டும் என்ற கவனத்தில் சில இடங்களில் உருவங்கள் உறைந்து நிற்கின்றன, ஓட்டம் தடைபடுகிறது. சாயலைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டவர்கள் கண்ணில் இது படாது.

சாயலையே முழுக்க நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் பைர்னின் 'நியூ விஷன்ஸ்' இருக்கிறது. 2014 முதல் 2018 வரை, தொடரின் அசல் காட்சிப் படங்களையே வெட்டிச் சேர்த்துப் புதுக் கதைகளை அமைத்தார். அசாத்திய உழைப்பு, மதிக்கிறேன். ஆனால் இருக்கும் முகபாவங்களுக்குள்தான் கதை நடமாட முடிகிறது. ஓவியருக்கு உள்ள சுதந்திரம் அங்கே இல்லை.

இன்னொன்று, புத்தகம் எந்த நிபந்தனைகளுக்குள் உருவானது என்பதையும் சொல்லுங்கள். டிசி நிறுவனத்தின் ஸ்டார் ட்ரெக் இதழ்கள் 1984-இல் தொடங்கியபோது, இரண்டாவது திரைப்படத்தில் ஸ்பாக் இறந்துபோயிருந்தார். மைக் டபிள்யூ. பார் எழுத, டாம் சட்டன் வரைய, ஸ்பாக் இல்லாத கப்பலில் கதை ஆரம்பித்தது. அடுத்த படம் வந்து அவரை உயிர்ப்பித்ததும் காமிக்ஸ் அவருக்குத் தனிக் கப்பலே கொடுத்து வெகுதூரம் போனது. 1986-இல் நான்காவது படம், மூன்றாவது படம் முடிந்த இடத்திலிருந்தே தொடங்க, எழுதிச் சேர்த்ததையெல்லாம் கலைத்து எல்லோரையும் மறுபடி ஸ்பாக்கின் சொந்தக் கோளான வல்கனுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்தத் திருப்பம் செயற்கையாக இருக்கிறது என்று எழுதுங்கள், இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எழுத்தாளர் சோம்பேறி என்று எழுதாதீர்கள். இரண்டு படங்களுக்கு நடுவே மாதாமாதம் கதை சொல்லும் வேலை அது. அதற்குள்ளும் நல்லவர்கள் கெட்டவர்களாக இருக்கும் 'கண்ணாடிப் பிரபஞ்சத்தை' வைத்து எட்டு இதழ்கள் நீண்ட ஒரு தொடர்கதையை அவர்கள் கொடுத்தார்கள்.

அடுத்த மதிப்புரையில் ஒரே ஒரு பக்கத்தையாவது எடுத்து, அதில் கண் எங்கே தொடங்கி எங்கே போகிறது, வசனப் பலூன் எதை மறைக்கிறது, வண்ணம் எதைச் சொல்கிறது என்று எழுதிப் பாருங்கள். வரைந்தவர், மையிட்டவர், வண்ணம் தந்தவர் பெயர்களை முதல் பத்தியிலேயே போடுங்கள். உங்களில் யாராவது கோல்ட் கீ இதழ்களுக்குத் திரும்பப் போவதாக இருந்தால், ராக்கெட் நெருப்புக்கு ஒரு வரி போதும். மிச்ச இடத்தை ஜியோலிட்டியின் மலைகளுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்