சுமாகோவைக் காப்பாற்றியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் கீசோ பள்ளத்தாக்கைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆயினும், அந்த மலைப்பாதையில் நடந்து வந்தவன் என்ற முறையில், சுமாகோவைக் 'காலம் மறந்துவிட்ட கிராமம்' என்று கட்டுரையாளர் வருணித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் மலைவழியே இணைத்த நாகசெண்டோ பெருவழியில் பயணிகள் தங்கிச் செல்வதற்கென அமைந்த 69 ஊர்களில் சுமாகோ 42ஆவது. 1911இல் முழுமையடைந்த ரயில் பாதை ஊருக்குள் வராமல் கீசோ ஆற்றை ஒட்டிப் போய்விட்டதால் பிழைப்புக் குன்றி, 1960களில் இளைஞர்கள் வெளியேற, வீடுகள் பாழடையத் தொடங்கின. கவனிப்பாரற்று அப்படியே விட்டிருந்தால் இன்று பார்ப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. 1968இல் சீரமைப்புப் பணி தொடங்கியது. வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று 1971இல் ஊர்மக்களே கூடி உறுதி எடுத்துக்கொண்டார்கள். மரபுக் கட்டடங்கள் நிறைந்த பகுதிகளை முழுமையாகப் பாதுகாக்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் வந்தது 1975இல்தான்; மறு ஆண்டே சுமாகோ அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. அரசாங்கம் வந்து கட்டாயப்படுத்தும் முன்பே, சொந்த வீட்டை நல்ல விலைக்கு விற்கும் உரிமையைத் தாமாகவே விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை. மின்கம்பிகள் கண்ணில் படாமலிருப்பதும், பகல் வேளையில் கடைத்தெருவுக்குள் கார் வராமலிருப்பதும் தற்செயலாக நேர்ந்தவை அல்ல.

ஒகுயா என்னும் பழைய விடுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹினோக்கி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தை வெட்டினால் தலையே போகும் என்ற கடுமையான தடை ஓவாரி ஆட்சியாளர்களின் காலத்தில் கீசோ காடுகளில் இருந்தது. மெய்ஜி பேரரசரின் ஆட்சி வந்து அந்தத் தடை நீங்கிய பிறகு, 1877இல், அதே ஹினோக்கியைக் கொண்டே இந்த வீட்டைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கூடத்தின் நடுவே தரையில் பதித்த அடுப்பு புகைந்துகொண்டிருக்க, மரச்சட்டச் சன்னல் வழியே சாய்ந்து விழும் வெயில் அந்தப் புகையில் பட்டைபட்டையாகத் தெரிகிறது. கட்டுரையாளர் உள்ளே போகாமல் வாசலோடு திரும்பிவிட்டாரோ என்று ஐயம் எழுகிறது!

அதே பெருவழியில் அடுத்துள்ள ஊரான மாகோமேயையும் சுமாகோவையும் ஒரே தட்டில் வைத்து எழுதியிருப்பதும் பொருந்தவில்லை. 1895, 1915 ஆகிய ஆண்டுகளின் தீவிபத்துகளில் மாகோமே பெரிதும் எரிந்துபோனது. இன்று அங்கே காண்பவற்றில் பெரும்பகுதி பிற்காலத்தில் கட்டியது. அழகான ஊர்தான், ஆனால் வரலாறு வேறு. இரண்டுக்கும் இடைப்பட்ட சுமார் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையில் கரடிகளை விரட்ட ஆங்காங்கே மணிகள் கட்டித் தொங்கவிட்டிருப்பதையும் குறிப்பிட்டிருக்கலாம். குழந்தைகளோடு செல்வோருக்கு உதவியாக இருந்திருக்கும்.

இக்கட்டுரையைப் படித்துப் புறப்படும் வாசகர்கள், பகலில் வந்து மாலைப் பேருந்தில் திரும்பிவிடாமல், ஊர்க் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளில் ஓர் இரவாவது தங்குவது நல்லது. அறைகள் குறைவு என்பதால் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். கடைகள் மாலையிலேயே அடைத்துவிடுவதால் இரவுச் சாப்பாட்டையும் விடுதியிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்.