ஆண்டறிக்கை: ஸ்காட்லாந்து மிஷன் எழுத்துகளைக் காக்கும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்கத்தின் அன்பான அங்கத்தினர்களே,

சென்னையிலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களிலும் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் மிஷனைச் சேர்ந்தோர் விட்டுச்சென்ற எழுத்துகளைத் தேடிப் பாதுகாக்கும் நமது சங்கத்தின் ஓராண்டுப் பணியைப் பற்றிய அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இவ்வாண்டு செயற்குழு எடுத்த முக்கியமான தீர்மானம், வெளிநாட்டு நூலகங்களிலிருந்து படிகளைத் தருவிக்கும் வேலையை ஒத்திவைத்துவிட்டு, நமது சபைகளின் அலமாரிகளில் இருப்பவற்றை முதலில் காப்பது என்பதாகும். மிஷனரிகள் தாயகத்துக்கு எழுதிய கடிதங்கள் பல எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இன்று இல்லாவிட்டாலும் பத்தாண்டு கழித்து அவற்றை வாசிக்கலாம். ஆனால் இங்கேயே எழுதப்பட்டு இங்கேயே தங்கிவிட்ட மூப்பர் கூட்டக் குறிப்புகள், ஞானஸ்நானப் பதிவேடுகள், பள்ளி வருகைப் பதிவுகள், உள்ளூர்ப் போதகர்களின் பிரசங்கக் கையெழுத்துப் படிகள் ஆகியவற்றுக்கு உலகில் வேறு பிரதி கிடையாது.

அவற்றின் மதிப்பை விளக்க ஒரே ஒரு காலகட்டத்தைச் சொன்னால் போதும். எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தின் குருமார் 1835இல் தொடங்கிய பள்ளியை, 1837இல் வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் ஏற்று, அர்மேனியன் தெருவில் பெரிதாக வளர்த்தார். ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களை அவர் சேர்த்துக்கொண்டபோது பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை நிறுத்தினர், அவர் இணங்கவில்லை. 1841இல் ராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு ஆகிய மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றதும் வகுப்புகள் மறுபடி காலியாயின. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டபோது ஆண்டர்சனும் அவருடைய உடனூழியர்களும் பிரிந்துபோன சுயாதீன சபையின் (Free Church) பக்கம் நின்றனர். அந்தப் பள்ளியே பின்னாளில் வில்லியம் மில்லரின் தலைமையில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. ஆண்டர்சன், அவருடைய உடனூழியர் ஜான்ஸ்டன் இருவரின் வாழ்வை, மற்றோர் உடனூழியரான பிரெய்ட்வுட் எழுதி 1862இல் நூலாக வெளியிட்டார். அதே பள்ளியில் படித்து 1851இல் குருப்பட்டம் பெற்ற ராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு ஆகிய மூவரும் தம் சொந்த மக்களிடம் என்ன பேசினார்கள் என்பதை அறிய நமக்கு இருக்கும் வழியோ மிகக் குறுகியது. அவர்கள் தலைமுறையின் ஒரு தாள் கிடைத்தாலும் அது நமக்குப் பெரும்பேறு என்றே கருதுகிறேன்.

இத்தாள்கள் ஏன் இவ்வளவு சிதறின என்பதற்கு அலட்சியம் மட்டும் காரணமன்று. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையும், 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையும் உருவானபோது, ஒற்றுமைக்காக நாம் மனமுவந்து பழைய அமைப்புகளைக் கடந்துவந்தோம். போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்து ஒரு வட்டாரத்துச் சபைகளை நடத்திய பிரஸ்பிட்டரி என்ற நிர்வாக அமைப்பு மறைந்ததோடு, அதன் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கிப் பூட்டிவைக்கக் கடமைப்பட்டவரும் இல்லாமற்போனார். ஐக்கியத்தை நன்றியோடு கொண்டாடும் நாமே இந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

பணியின் நடைமுறையைப் பொறுத்தவரை, எதிர்பாராத ஒரு செய்தி தெளிவாயிற்று. கந்தல் துணியால் செய்த பழைய தாள்கள் ஓரளவு உறுதியாகவே உள்ளன. மரக்கூழால் செய்யப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிற்பகுதித் தாள்கள்தாம் அமிலத்தால் பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடிந்துவிடுகின்றன. இரும்பு கலந்த மையால் எழுதிய பக்கங்களில் எழுத்து விழுந்த இடமே அரித்துப்போயிருப்பதும் உண்டு. ராமபாணப் பூச்சியும் கரையானும் கடற்கரை ஈரமும் செய்யும் சேதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அன்பின் மிகுதியால் செலோடேப் ஒட்டியும் பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேஷன் செய்தும் வைக்கப்பட்ட ஏடுகளே மீட்கக் கடினமானவை. ஆகவே எந்தச் சபையிலும் இனி இவ்வாறு செய்ய வேண்டாமென எல்லாச் சேகரங்களுக்கும் எழுதியுள்ளோம். கிழிசல்களை மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாப்பசையும் கொண்டு மட்டுமே சரிசெய்கிறோம். வேண்டும்போது நீரால் அதைப் பிரித்தெடுக்கலாம் என்பதே காரணம்.

பதிவேடுகளைச் சபைகளிடமிருந்து பறித்துக்கொள்வதில்லை. அங்கேயே விரிகோணத் தாங்கியில் வைத்து, முதுகு ஒடியாதபடி மேலிருந்து கேமராவால் படமெடுத்து, மூலத்தை அமிலமற்ற பெட்டியில் திருப்பித் தந்துவிடுகிறோம். படங்களின் பிரதிகள் வெவ்வேறு இடங்களில் உள்ள வன்தட்டுகளில் இருக்கின்றன. பழைய கையெழுத்தைக் கணினி சரியாக வாசிப்பதில்லை. புள்ளியின்றி எழுதிய மெய்களையும் குறில் நெடில் வேறுபாடற்ற எகர ஒகரங்களையும் பழகிய கண்ணே பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சிலர் இதில் காட்டும் பொறுமைக்குச் சங்கம் கடமைப்பட்டுள்ளது.

பிற சமயங்களைப் பற்றிக் கடுமையாக எழுதப்பட்ட துண்டுப்பிரசுரங்களை வெளியிடலாமா என்ற கேள்வி செயற்குழுவில் நீண்ட நேரம் பேசப்பட்டது. இன்றைய நமக்கு உடன்பாடில்லாத சொற்களும் அக்காலத்துச் சாட்சியே. ஒரு வரியையும் நீக்காமல், தேவையான இடத்தில் முன்குறிப்பு சேர்த்து வைப்பதென முடிவாயிற்று. ஆனால் ஞானஸ்நானப் பதிவேடுகளில் உள்ள குடும்பச் செய்திகளை, உரிய சபையின் இசைவின்றி யாருக்கும் தருவதில்லை.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் செங்கல்பட்டுப் பகுதிக் கிராமச் சபைகளின் ஏடுகளை மழைக்காலத்துக்கு முன்பே படமெடுக்க எண்ணியுள்ளோம். அங்கத்தினர் தத்தம் வீட்டில் தாத்தா, பாட்டி காலத்து வேதாகமங்களோ கடிதங்களோ இருந்தால், அவற்றைத் துடைக்கவோ ஒட்டவோ முயலாமல் செயற்குழுவிடம் தெரிவிக்குமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் வேண்டுகிறேன்.

செயலாளர்