அறுகால் தெய்வங்களின் மந்திர ஏட்டுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

நண்பர்களே, ஏடு முடிந்துவிட்டது. பூச்சித் தெய்வங்கள் ஒன்பது பேர், அவர்களை நம்பி வாழும் மந்திரவாதிகளுக்கான மந்திரங்கள், கோயில்கள், பழைய பகைகள் என்று சிதறிக் கிடந்ததெல்லாம் பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டத்துக்கான ஒரு புத்தகமாகச் சேர்ந்து, இனி யார் வேண்டுமானாலும் மேசையில் பகடைக்குப் பக்கத்தில் வைத்து ஆடலாம் என்கிற நிலைக்கு வந்திருக்கிறது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன், ஆனால் யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி பூச்சியியல் படித்த அக்காவுக்கு. பூச்சிகளின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் அவரிடம் வரைவைக் கொடுத்தேன். அவர் பெயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நேராக ஒரு கேள்வி கேட்டார்: "இந்த நெருப்புத் தெய்வத்துக்குச் சிறகை எடுத்துவிட்டால் வேறு எந்த நெருப்புத் தெய்வத்திலிருந்தும் என்ன வித்தியாசம்? இவர் ஏன் பூச்சியாக இருக்கணும்?" இந்த ஏட்டில் நல்லது என்று ஏதாவது இருந்தால் அது அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு ஒரே விதிதான்: ஒரு தெய்வம் தருகிற வரம், நிஜமான ஒரு பூச்சியின் உடம்பு செய்யக்கூடிய ஏதோ ஒன்றிலிருந்து பிறக்க வேண்டும். அப்படிப் பிறக்காத மந்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏட்டில் இடமில்லை.

நெருப்புத் தெய்வம் பாம்பார்டியர் வண்டாக மாறியது அப்படித்தான். அந்த வண்டின் வயிற்றுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைட்ரோகுவினோனும் இருக்கின்றன, ஆபத்து வரும்போது அவை நொதிகள் இருக்கிற இன்னோர் அறைக்குள் தள்ளப்பட்டு, கிட்டத்தட்ட நீர் கொதிக்கும் சூட்டில், நொடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகளாகப் பீய்ச்சி அடிக்கப்படுகின்றன. வெடிப்பது உள்ளே, ஆனால் வண்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே எங்கள் கொதியன் தெய்வத்தின் மந்திரவாதி இரண்டு மந்திரங்களைத் தனித்தனியாகத் தயார் செய்து உடம்புக்குள் வைத்துக்கொண்டு திரிய வேண்டும், தனித்தனியாக அவை எதற்கும் உதவாது, சேர்த்தால்தான் சீறும். ஒரு நெருப்பு உருண்டையை எறிவதைவிட இது எவ்வளவோ மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிலந்தி விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். சிலந்தித் தெய்வம் வேண்டும் என்று கேட்டவர்கள் நிறைய பேர், அக்கா முடியவே முடியாது என்றுவிட்டார். எட்டுக்கால் எட்டுக்கால்தான். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற பெயர்பெற்ற கதை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளில் பூச்சியை ராட்சத அளவுக்குப் பெரிதாக்குகிற மந்திரம் ஒன்று உண்டு, அதில் சொல்லப்படும் பூரான், சிலந்தி, குளவி, தேள் ஆகிய நான்கில் குளவி மட்டும்தான் பூச்சி என்று காட்டியவரும் அவர்தான். கடைசியில் சிலந்தியும் தேளும் ஒன்பது தெய்வங்களுக்கும் வெளியே நிற்கிற எதிரிகளாக வந்தார்கள். கதைக்கு அது பெரிய பலம், ஏனென்றால் வலை கட்டிக் காத்திருப்பவனைவிடப் பறக்கிற தெய்வங்களுக்குப் பொருத்தமான பகைவன் யார்?

விதிகளைப் பற்றிப் பேசும்போதே இன்னொரு நன்றியையும் சொல்லிவிடுகிறேன். அந்த அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில், மூலத்தைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் பழைய உரிமத்தை இறுக்கப் பார்த்தபோது உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் எழுப்பிய சத்தம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. முகம் தெரியாத அத்தனை பேரும் எங்களுக்கு உதவியவர்கள்தான், எங்களைப் போன்ற சின்னக் குழுக்கள் பயமில்லாமல் புத்தகம் எழுத முடிவது அவர்களால்.

அப்புறம், ஆடிப் பார்த்த குழுக்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பாதி எழுதிய விதிகளை, எழுத்துப்பிழையோடு, படம் இல்லாமல், வார இறுதிகளை விட்டுக்கொடுத்து ஆடினீர்கள், ஆடியதோடு நிற்காமல் எது சலிப்பாக இருந்தது என்று முகத்துக்கு நேராகச் சொன்னீர்கள்.

சில்வண்டுத் தெய்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் சில சில்வண்டு இனங்கள் 13 அல்லது 17 ஆண்டுகள் மண்ணுக்குள் வாழ்ந்துவிட்டு ஒரே நேரத்தில் கூட்டமாக வெளியே வருகின்றன. அதை வைத்து, ஒரு மந்திரத்தை மண்ணில் புதைத்தால் 13 அல்லது 17 சுற்றுகளுக்குப் பிறகு பல மடங்கு வலிமையோடு வெளிவரும் என்று விதி இருந்தது. சண்டை பெரும்பாலும் நான்கைந்து சுற்றில் முடிந்துவிடுகிறதே, அப்புறம் யார் இதைத் தொடுவார்கள் என்று கேட்டது வியாழக்கிழமைக் குழு. கேட்டதோடு விடவில்லை, சுற்றுகளை எடுத்துவிட்டுக் கதைக்குள் கழியும் நாட்களாக மாற்றுங்கள், புதைத்த ஆட்டக்காரர் மறந்தாலும் ஆட்டத்தை நடத்துபவர் நாட்காட்டியில் குறித்துவைக்கட்டும் என்றார்கள். அந்த ஒரு மாற்றத்தில் மந்திரத்துக்கு உயிர் வந்துவிட்டது! எப்போதோ ஒரு கிராமத்து வாசலில் புதைத்தது, எல்லாரும் வேறு கவலையில் இருக்கும்போது, பூமியைப் பிளந்துகொண்டு வருகிறது. ஒரு 13 ஆண்டுக் கூட்டமும் ஒரு 17 ஆண்டுக் கூட்டமும் 2024ல் ஒரே பருவத்தில் வெளிவந்தன, அந்த இரண்டும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803ல். பதினேழாள் என்கிற எங்கள் தெய்வத்தின் பெருந்திருவிழா 221 (13 பெருக்கல் 17) ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்கு அதுதான் காரணம், அந்தக் கணக்கையும் இந்தக் குழுதான் போட்டுக் கொடுத்தது.

தேனீத் தெய்வத்தின் மந்திரத்தைச் செதுக்கியவர் கணக்கு சொல்லித்தரும் அண்ணன். ஜப்பானியத் தேனீக்கள், கூட்டுக்குள் நுழைந்த பெரிய குளவியை நூற்றுக்கணக்கில் மொய்த்துப் பந்துபோல மூடிக்கொண்டு, சிறகுத் தசைகளை அதிரவைத்துச் சூடேற்றியே கொன்றுவிடும். உள்ளே சுமார் 46 டிகிரி வரை போகும். குளவியால் அதைத் தாங்க முடியாது, தேனீக்கள் அதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அந்தக் கொஞ்சத்துக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது, அதைப் பகடையில் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. அண்ணன் அட்டவணைக்கு மேல் அட்டவணை போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்ன வழி இது: ஆட்டக்காரர்கள் சேர்ந்து நின்று எதிரியைச் சூழ வேண்டும், சூடு சுற்றுக்குச் சுற்று ஏறும், எதிரிக்கு முதல் சுற்றிலேயே அடி விழத் தொடங்கும், சூழ்ந்து நிற்பவர்களுக்கு மூன்றாம் சுற்றிலிருந்து சுடும், யாராவது ஒருவர் கையை விட்டால் மந்திரம் கலைந்துவிடும். இன்னும் ஒரு சுற்று தாங்கலாமா என்று மேசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களே, அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது அண்ணா, உண்மையாகச் சொல்கிறேன்.

பூச்சியைக் கண்டாலே உடம்பு கூசும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அப்படியும் ஆட வந்த தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. மேசையில் எக்ஸ் கார்டு வைத்திருந்தோம், எந்தக் காட்சி பிடிக்காவிட்டாலும் யாரும் காரணம் சொல்லாமல் அந்த அட்டையைத் தொடலாம், தொட்டால் காட்சியைத் தாண்டிப் போய்விட வேண்டும். தம்பி அதைத் தொட்டான். பிறகு ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து, எது தாங்க முடிந்தது, எது முடியவில்லை என்று பொறுமையாகப் பிரித்துச் சொன்னான். ஒவ்வொரு தெய்வத்தின் பகுதிக்கு முன்னாலும் அதில் என்ன வரும் என்று இரண்டு வரி இருப்பதும், பெரிய படங்களெல்லாம் தனியாகப் பின்னால் சேர்க்கப்பட்டிருப்பதும் அவன் சொல்லி வந்தவை.

மரகதக் குளவியாளின் மந்திரத்தைத் திருப்பிப் போட்டவனும் அவன்தான். இந்தக் குளவி கரப்பானை இரண்டு முறை கொட்டும், முதலில் மார்பில், அப்புறம் தலைக்குள் மூளையைத் தேடி. இரண்டாவது கொட்டுக்குப் பிறகு கரப்பானால் நடக்க முடியும், ஆனால் தானாக நடக்கத் தொடங்காது, குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து இழுத்தால் கூடவே போகும். ஆட்டக்காரரின் பாத்திரத்தை எதிரி இப்படி இழுத்துக்கொண்டு போவது மேசையில் கசப்பைத்தான் உண்டாக்கும், வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த மந்திரம் அது. "யார் பிடித்து இழுத்தாலும் நடக்கும் என்றால் நண்பன் இழுத்தாலும் நடக்கணும் இல்லையா?" என்று கேட்டான் தம்பி. அவ்வளவுதான். இப்போது அந்த மந்திரத்தில் சிக்கியவரை நோக்கி எதிரியும் ஓடுகிறான், தோழர்களும் ஓடுகிறார்கள், யார் கை முதலில் எட்டுகிறது என்பதுதான் சண்டையே.

ஓவியருக்கு. பூச்சிக்குக் காலும் சிறகும் எல்லாம் மார்புப் பகுதியில்தான் பொருந்தியிருக்கும், வயிற்றில் இல்லை, அதை ஒரு படத்தில்கூட நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. சாணி வண்டுத் தெய்வம் தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் உலகத்தை உருட்டிக்கொண்டே பால்வெளியைப் பார்க்கிற படம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. சாணி வண்டுகள் பால்வெளியின் ஒளியை வைத்துத் திசை பிடிக்கின்றன என்பது 2013ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது, வண்டுகளின் தலையில் குட்டி அட்டைத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்துப் பார்த்திருக்கிறார்கள், கோளரங்கத்துக்குள்ளும் உருட்டவிட்டிருக்கிறார்கள். அந்தத் தொப்பியை நீங்கள் தெய்வத்தின் சிறைக்கவசமாக வரைந்து அனுப்பிய அன்று அந்த அத்தியாயத்தின் கதை முழுவதையும் மாற்றி எழுதினேன், அவரைச் சிறைபிடித்தது யார் என்பது இப்போது ஏட்டின் மையக் கேள்விகளில் ஒன்று.

பக்கம் வடிவமைத்தவர், பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கிற பத்தி அமைப்பைத் தூக்கிவிட்டு ஒரே பத்தியாக்கினார். நீளமான தமிழ்ச் சொற்கள் குறுகிய பத்தியில் உடைந்து உடைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவின் அருமை புரியும். மெய்ப்பு பார்த்த இருவருக்கும், கோயில் வரைபடங்களைச் சரிபார்த்தவருக்கும், நள்ளிரவில் கோப்பு திறக்கவில்லை என்று அழைத்தபோது எடுத்துப் பேசியவருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாகச் சேர்ந்த தெய்வம் கூட்டுறங்கி. புழு கூட்டுக்குள் போய் அதன் உடம்பின் பெரும்பகுதி கரைந்து வேறொன்றாக எழுகிறது, அப்படியிருந்தும் புழுவாக இருந்தபோது கற்றுக்கொண்ட வெறுப்பை ஓர் அந்துப்பூச்சி வளர்ந்த பிறகும் நினைவில் வைத்திருந்ததாக 2008ல் ஓர் ஆய்வு காட்டியது. இந்த மந்திரத்தில் பாத்திரம் எல்லாத் திறன்களையும் இழந்து புதிதாகப் பிறக்கும், ஒரே ஒரு நினைவு மட்டும் தங்கும், எது தங்க வேண்டும் என்று மற்ற ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுப்பார்கள். உயர்நிலைப் பாத்திரங்களை வைத்து இதை இன்னும் யாரும் முழுதாக ஆடிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமைக் குழு, வரும் வாரம் உங்களுக்கு அச்சுப்படி வந்து சேரும், பழைய பாத்திரத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.