கதவோரத்து ஸ்டிக்கர்

டென்வர், கொலராடோ

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் போனில் வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள், பாதியிலேயே லைன் போய்விட்டது. இத்தனை வருஷம் லாரி ஓட்டிய உங்களிடம் இதை அவசரமாகச் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் கடிதம்.

பிப்ரவரியில் பிக்கப் லாரி ஒன்று எடுத்தேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கதவு, அதற்குப் பின்னால் சரக்கு ஏற்ற ஐந்தரை அடித் திறந்த தொட்டி. மொத்த நீளம் பத்தொன்பது அடிக்கு மேல். கேரேஜில் மூக்கைச் சுவரில் ஒட்டி நிறுத்தினாலும் ஷட்டருக்கு ஒரு கை அகலம்தான் மிஞ்சுகிறது. இதை இங்கே 'அரை டன் வண்டி' என்பார்கள். அரை டன் சுமக்கும் என்பது பழைய காலத்துக் கணக்கு, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஜப்பான்காரனின் சின்ன பிக்கப் அங்கே கிடையாதா என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டது. பதிலுக்கு 1964 முதல் இறக்குமதியாகும் சிறு லாரிகளுக்கு இவர்கள் 25 சதவீதம் வரி போட்டார்கள். கோழி போய்விட்டது, வரி இன்னும் இருக்கிறது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விற்றவர் "ஐந்து டன் இழுக்கும்" என்றார். நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். முதல் ஆயிரம் மைல், அதாவது 1,600 கிலோமீட்டர், டிரெய்லர் மாட்டக் கூடாது என்று கையேட்டில் இருந்ததால் பொறுத்திருந்தேன். ஜூனில் நண்பரின் கேம்பர் டிரெய்லரை, அதாவது உள்ளேயே தங்கித் தூங்கும் இழுவை வண்டியை, மலைக்கு இழுத்துப் போகத் திட்டம். முந்தின நாள் ராத்திரி டிரைவர் கதவைத் திறந்தபோதுதான் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நிதானமாகப் படித்தேன். ஆட்களும் சரக்கும் சேர்ந்து 671 கிலோவைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது.

இழுப்பது வேறு, சுமப்பது வேறு, அப்பா. டிரெய்லரின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். அந்த எடையைச் சுமப்பது நம் வண்டிதான். கேம்பர் 2,700 கிலோ. பன்னிரண்டு பங்கு வைத்தாலே 325 கிலோ. நாங்கள் நான்கு பேர், 300. கொக்கிச் சாமான் 40. மீதி ஆறே கிலோ! தொட்டியில் ஜெனரேட்டரும் விறகும் தண்ணீர் கேனும் ஏற்றி வைத்திருந்தேன். அத்தனையையும் ராத்திரியே இறக்கிவிட்டேன். உங்கள் மருமகள் டார்ச் பிடித்தாள். நண்பரும் மனைவியும் தங்கள் காரில் வருவதாகச் சொன்ன பிறகுதான் ஜெனரேட்டர் திரும்ப ஏறியது. "ஸ்பிரிங் பட்டை தாங்குவது வேறு, பிரேக் தாங்குவது வேறு" என்று நீங்கள் சொல்வது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் ஐ-70 சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதைக்கு ஏறினோம். அங்கே உயரம் 11,000 அடிக்கு மேல். காற்று மெலிந்துவிடுவதால் சாதாரண எஞ்சின் திணறும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இருப்பதால் இது அவ்வளவாகச் சோரவில்லை. ஏற்றத்தைவிட, சுரங்கத்தைத் தாண்டி சில்வர்த்தோர்ன் ஊருக்கு இறங்கும் சரிவுதான் எனக்குப் பயம். நூறடிக்கு ஏழடி இறங்குகிறது. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க ஓரத்தில் ஜல்லி மேடு போட்டு வைத்திருக்கிறார்கள். டிரெய்லர் இழுக்கவென்றே ஒரு பட்டன் உண்டு. அதைப் போட்டால், பிரேக்கை லேசாகத் தொட்டதுமே வண்டி தானாகக் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே பிடித்துக்கொள்கிறது. நீங்கள் மலை இறக்கத்தில் கையால் செய்தது அதேதான். கீழே வந்ததும் சக்கரத்தின் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, கருகல் வாடை இல்லை.

டீசல் இல்லை, பெட்ரோல் வண்டி. ஊருக்குள் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர், டிரெய்லரோடு நான்கு. அது வலிக்கத்தான் செய்கிறது.

இனிப் பனிக்காலம். தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் லேசாகி வழுக்குமாம். பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டை போடச் சொல்கிறார்கள். அதையும் அந்த 671-இல்தான் கழிக்க வேண்டும். நான்கு சக்கர ஓட்டத்தைக் காய்ந்த தார் ரோட்டில் போடுவதில்லை, கவலைப்படாதீர்கள். வளைவில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றி ஒன்றையொன்று முறுக்கும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

மூட்டை நாலு போதுமா, ஆறு வேண்டுமா? எத்தனை என்று நீங்கள் சொல்லுங்கள். ஸ்டிக்கரின் போட்டோவைத் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், கிலோவும் அதிலேயே இருக்கிறது. அம்மாவிடம் சீட் பெல்ட் போட்டுத்தான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்